பத்த வைக்கலாமா?

முப்பத்தோரு வருடம் நான் மனிதர்களுக்கு நொண்டக் கற்றுக்கொடுத்தேன். சிரிக்காதீர்கள். விபத்து வழக்குகள் மட்டுமே நடத்தும் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கால் எலும்பு மூன்றாக உடைந்தவன்கூட நீதிபதி முன்னால் போய் நின்றதும் முதுகை நிமிர்த்திக்கொண்டு சிப்பாய் மாதிரி நிற்பான். வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்குப் போகிறவன், கோர்ட்டுக்கு வந்தால் கைத்தடியை வெளியே சாத்திவிட்டு உள்ளே நடப்பான். மானம்! நாலு பேர் பார்க்கும் இடத்தில் நொண்டுவதற்கு யாருக்கும் மனசு வராது. அந்த மானத்தையும் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. ஒத்திகை என்போம்.

ஒத்திகைக்கு ஒரே பாடம்தான். "முடியுமான்னு கேட்டா முடியாது. தெரியுதான்னு கேட்டா தெரியல. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக்கூடாது. நுணலும் தன் வாயால் கெடும்." எத்தனையோ பேர் அந்தப் பாடத்தால் பிழைத்திருக்கிறார்கள். அதனால் கெட்டுப்போனவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சோப்புப் பட்டறையில் எல்லாரும் அவரை மூக்கம்மா என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எண்ணெய் காய்ந்து, காரம் கலந்து, குழம்பு இறுகி வரும் நேரத்தில் அதில் வாசனை எண்ணெய் எவ்வளவு விடுவது என்பதை அளவுக் குவளை சொல்லாது, அவர் மூக்கு சொல்லும். கிளறிக்கொண்டிருக்கும் தொட்டியின் மேல் ஒரு தரம் குனிவார், நிமிர்வார். "இன்னும் ரெண்டு மூடி" என்பார், அல்லது "போதும், நிறுத்து" என்பார். தேங்காய் எண்ணெயில் பழசு கலந்திருந்தால் பீப்பாயைத் திறப்பதற்குள் முகம் சுளிப்பார். யாராவது பட்டறைக்குள் பீடி பிடித்துவிட்டு வந்தால், வாசலில் வரும்போதே மூக்கம்மாவுக்கு மூக்கில் வேர்த்துவிடும். முதலாளி வாடிக்கையாளர்களிடம், "எங்க பட்டறையில மெஷினு நாலு, மூக்கு ஒண்ணு" என்று பெருமையடிப்பார்.

கணவர் போய்ப் பத்து வருடம். ஒரே மகள், கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். ஓர் அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வாடகை வீட்டில் மூக்கம்மா தனியாக இருந்தார்.

விபத்து நடந்தது ஒரு காலை வேளையில். புதிதாக வந்த ரோஜா எண்ணெயின் மாதிரிப் புட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். சிவப்பு விளக்கு விழுந்த பிறகும் நிற்காமல் திரும்பிய சரக்கு வேன் அவரைத் தூக்கிப் போட்டது. தோள்பட்டை எலும்பு உடைந்தது. பின்மண்டை நடைபாதைக் கல்லில் மோதியது. பையில் இருந்த புட்டி அவருக்கு அடியிலேயே நொறுங்கியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் சட்டையிலெல்லாம் ரோஜா மணத்ததாம்.

எலும்பு கூடிவிட்டது. மூக்குதான் போய்விட்டது. மண்டையில் அடிபட்டால் அப்படி ஆவது உண்டு என்று டாக்டர் சொன்னார். ஒரு மாதம் ஒன்றுமே இல்லை. அதன்பிறகு ஒரு நாள் ரோஜா வந்தது, போகவே இல்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் ரோஜா, சாக்கடை ஓரம் நடந்தாலும் ரோஜா. பின்னாலிருந்து யாராவது ஹாரன் அடித்துவிட்டால் அது தொண்டை வரை ஏறி நிற்கும்.

"வேற ஏதாவது நாத்தம் வராம ரோஜா வந்துச்சே, கொடுத்து வெச்சவங்க" என்று நான் ஒரு தரம் விளையாட்டாகச் சொன்னேன்.

"கண்ணை மூடினா நான் இன்னும் அந்த ரோட்டுலதான் கிடக்கறேன் அண்ணே" என்றார் அவர்.

அதற்குமேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பட்டறையில் அவரைத் தொட்டிப் பக்கத்திலிருந்து சோப்புக்குக் காகிதம் சுற்றும் மேசைக்கு மாற்றியிருந்தார்கள்.

எங்கள் வழக்கில் தோள்பட்டைக்கு எக்ஸ்ரே இருந்தது. மூக்குக்கு என்ன இருக்கிறது? உடைந்த எலும்பைக் காட்டலாம், போன வாசனையை எப்படிக் காட்டுவது? மெடிக்கல் போர்டுக்கு அனுப்பி அவர்கள் சான்றிதழ் தந்தால்தான் உண்டு என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. போர்டுக்கு முந்தின நாள் மூக்கம்மாவை ஆபீசுக்கு வரவழைத்து ஒத்திகை வைத்தேன்.

கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் கோந்துப் புட்டியை நீட்டினேன். "இது என்ன?"

"ரோஜா."

பெட்ரோல் நனைத்த துணியை நீட்டினேன்.

"இதுவும் ரோஜாதான் அண்ணே."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "இங்க பாருங்கம்மா. ரோஜான்னு நீங்க வாயைத் திறந்த அடுத்த நிமிஷம், மூக்கு நல்லா வேலை செய்யுதுன்னு எழுதிடுவாங்க. எந்தப் புட்டியை நீட்டினாலும் ஒண்ணும் தெரியலன்னு சொல்லுங்க."

"ரோஜா தெரியுதே."

"புட்டியில இருக்கறது தெரியுதா?"

"அது தெரியல."

"அப்ப தெரியலன்னு சொல்றது பொய்யா?"

யோசித்தார். "பொய் இல்ல. ஆனா முழுசும் இல்லையே."

"முழுசும் சொல்றதுக்கு அது என்ன உங்க அம்மா வீடா?"

சிரித்துவிட்டார். எழுந்து பையை எடுத்துக்கொண்டவர் வாசலில் நின்று திரும்பினார். "அண்ணே, இன்னொண்ணு. பட்டறையில காரத் தண்ணி கொதிக்கறப்போ கிட்டப் போனா இப்பவும் மூக்கு எரியுது. அது வாசனை இல்ல, எரிச்சல். வேற மாதிரி. நாளைக்கு அப்படி ஏதாவது குடுத்தாங்கன்னா?"

நான் அடுத்த கட்சிக்காரரின் வழக்குக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தலையைக்கூடத் தூக்கவில்லை. "அதுக்கும் தெரியலன்னே சொல்லுங்க" என்றேன்.

இருபத்தைந்து வருடம் வாசனையோடு வேலை செய்தவர் சொல்கிறார், எரிச்சல் வேறு, வாசனை வேறு என்று. நான் கேட்டேனா? ஆழம் தெரியாமல் காலை விடுகிறவனையாவது மன்னிக்கலாம். நான் விட்டது இன்னொருத்தருடைய காலை.

மறுநாள் போர்டு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரம் கழித்து மூக்கம்மா வெளியே வந்தார். கண்கள் சிவந்து, கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. அழுதாரோ என்று பயந்துவிட்டேன்.

"இல்லண்ணே. கடைசிப் புட்டி. அப்பப்பா, மண்டை வரைக்கும் ஏறிடுச்சு. தண்ணியா கொட்டுது பாருங்க."

"என்ன சொன்னீங்க?"

"நீங்க சொல்லச் சொன்னதைத்தான். ஒண்ணும் தெரியல."

"சபாஷ்" என்றேன். அந்தச் சபாஷ் இன்றைக்கும் என் காதில் விழுகிறது.

கடைசிப் புட்டியில் இருந்தது அமோனியா. போர்டின் அறிக்கை வந்தபோதுதான் அதன் சூட்சுமம் எனக்குப் புரிந்தது. வாசனையை உணர்வது ஒரு நரம்பு, எரிச்சலை உணர்வது வேறொரு நரம்பு. மூக்கு உண்மையிலேயே செத்துப்போனவருக்கும் அமோனியா எரியும். 'வாசனை இல்லை, ஆனால் எரிகிறது' என்று சொல்கிறவர் மெய்யாகவே இழந்தவர். எல்லாவற்றுக்கும் தலையாட்டி இல்லை என்கிறவர் நடிக்கிறவர். பொய்யர்களைப் பிடிக்க வைத்த புட்டி அது. கண்ணில் நீர் வழிய உட்கார்ந்துகொண்டு ஒன்றும் தெரியவில்லை என்று சொன்ன மூக்கம்மா அதில் அகப்பட்டுக்கொண்டார். ரோஜாவைச் சொல்லியிருந்தால் அதுவும் அவருக்குச் சாதகமாகத்தான் இருந்திருக்குமாம். தலையில் அடிபட்டவர்களுக்கு இல்லாத மணம் வருவதும் டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம்தானாம்.

தீர்ப்பில் தோள்பட்டைக்கு நஷ்டஈடு கிடைத்தது. மூக்கைப் பற்றி இரண்டே வரி. 'மணமறியும் திறனை இழந்ததாக மனுதாரர் கூறுவது பொய். அக்கோரிக்கை தள்ளுபடி செய்யப்படுகிறது.'

அந்தப் பொய் என்ற சொல் வீடுவரை போயிற்று. பட்டறையில் கூட வேலை பார்த்தவர்கள் சோப்புக் கட்டியை அவர் மூக்கருகே நீட்டி, "எங்ககிட்ட மட்டும் சொல்லுக்கா, மணக்குதுதானே?" என்று கண்ணடித்தார்கள். முதலாளி, "கோர்ட்டே சொல்லிடுச்சே" என்று நிறுத்திக்கொண்டார். மகள் போனில் ஒரு நாள், "அம்மா, எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லேன்" என்று கேட்டுவிட்டாளாம். அதன்பிறகு மகளிடம் மூக்கைப் பற்றி மூக்கம்மா பேசுவதையே விட்டுவிட்டார். மகளும் வாரம் ஒரு தரம் நலம் விசாரிப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

தீர்ப்பு நகலைக் கொடுக்க ஒரு நாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். மாடிப்படி ஏறும்போதே கேஸ் நாற்றம் குப்பென்று அடித்தது. யார் வீட்டிலோ என்று நினைத்துக்கொண்டே மேலே போனால், மூக்கம்மா வீட்டுக் கதவு திறந்திருக்கிறது.

"வாங்கண்ணே, உக்காருங்க, டீ போடறேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கூடவே தீப்பெட்டியைக் குலுக்கும் சத்தம்.

நான் கத்திய கத்தல் என்னவென்று எனக்கே தெரியாது. ஓடிப்போய் அவர் கையைத் தட்டிவிட்டேன். குச்சி உரசாமலே விழுந்தது. சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயில் விரிசல். தினமும் அடுப்பு மூட்டும் முன் பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு, "ஒரு தடவை மூக்கை நீட்டிட்டுப் போங்க" என்பது மூக்கம்மாவின் வழக்கம். அன்றைக்கு டீச்சர் ஊரில் இல்லை.

"ரொம்ப அடிச்சுதா?" என்று கேட்டார்.

"தெருவரைக்கும் அடிக்குது! நிஜமாவே உங்களுக்குத் தெரியலையா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. மூக்கம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீங்களும் நம்பலையா அண்ணே?"

நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. நான் அதைப் பற்றி நினைத்ததே இல்லை. கட்சிக்காரர் சொல்வது மெய்யா பொய்யா என்று பார்ப்பது குமாஸ்தா வேலையில் சேர்த்தி இல்லை. கட்டு கனமாக இருக்கிறதா என்றுதான் பார்ப்போம்.

அன்று மதியமே வக்கீலய்யாவிடம் போய் நின்றேன். மறுபரிசோதனை கேட்டு அப்பீல் போடலாமா என்று கேட்டேன்.

"போடலாம்யா" என்றார். "முதல் தடவை ஏன் பொய் சொன்னாங்கன்னு எதிர்த்தரப்பு வக்கீல் கேப்பான். காரணம் சொல்லணும். காரணம் நீ. எழுதி, சத்தியம் பண்ணி, கையெழுத்துப் போடறியா?"

"போட்டா என்ன ஆகும்?"

"அந்த அம்மாவுக்கு நல்லது ஆகலாம். உனக்கு வேலை போகும். அதோட விடமாட்டான். நம்ம பழைய கட்டு ஒவ்வொண்ணையும் பிரிச்சு மேய்வான். கால் போனவன், கை போனவன் எல்லாரும் இவன் சொல்லிக்குடுத்துத்தான் நொண்டினாங்கன்னு சொல்லுவான். அப்பீலுக்கு இன்னும் பதினாலு நாள் இருக்கு. யோசிச்சுச் சொல்லு."

மற்றக் கட்சிக்காரர்களின் கதி என்னாவது என்று மூன்று நாள் யோசித்தேன். கௌரவமான காரணம், கைக்கு அடக்கமாகக் கிடைத்தது. உள்ளே இருந்தது என் வேலையைப் பற்றிய பயம்தான். இப்போது மறைத்து என்ன பிரயோஜனம்?

நாலாம் நாள் மூக்கம்மா ஆபீசுக்கு வந்தார். "அப்பீல்னு ஒண்ணு இருக்காமே. காசுக்காக இல்லண்ணே. அந்த ஒரு வார்த்தையை அடிச்சுக் குடுக்கச் சொல்லணும். அடிச்ச காகிதத்தை என் பொண்ணுகிட்ட காட்டணும், அவ்வளவுதான்."

"தேதி முடிஞ்சுபோச்சும்மா" என்றேன்.

பதினொரு நாள் பாக்கி இருந்தது. சுவரில் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. "பரவாயில்லண்ணே, உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார். அந்தப் பதினொரு நாளும் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன், ஒழுங்காக வேலைக்குப் போனேன். பன்னிரண்டாம் நாள்தான் சோறு இறங்கவில்லை.

அதற்கு அடுத்த மாதம் டீச்சர் வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டார். மின்சார அடுப்பு வாங்கச் சொன்னேன். வாங்கினார், அந்தப் பழைய வீட்டு ஒயர் தாங்காமல் இரண்டு தடவை புகைந்தது, வீட்டுக்காரர் கூடாது என்றுவிட்டார். கேஸ் கசிந்தால் கத்தும் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அது எதற்கென்றில்லாமல் கத்தியது, ஹாரன் மாதிரி. கத்தும்போதெல்லாம் அவருக்கு ரோஜா ஏறியது. கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். "அப்ப நானே வந்து பாத்துட்டுப் போறேன்" என்றேன். மூன்று தெரு தள்ளித்தான் என் வீடு.

அப்படி ஆரம்பித்தது ஏழு வருடம் நடந்தது. தினமும் காலை ஆறரைக்குப் போவேன். மூக்கம்மா சமையலறை வாசலில் தீப்பெட்டியோடு நிற்பார். நான் உள்ளே போய், சிலிண்டர் பக்கம் குனிந்து, ஒரு மூச்சு இழுப்பேன்.

"பத்த வைக்கலாமா அண்ணே?"

"ஒண்ணும் இல்ல, பத்த வைங்க."

நீல நெருப்பு வட்டமாக எழுந்த பிறகுதான் என் மூச்சு வெளியே வரும். டீ குடித்துவிட்டு வருவேன். "கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கடைக்காரர் என்னைக் கண்டால் எழுந்து வணக்கம் சொல்வார். ஒவ்வொரு வணக்கமும் எனக்குக் கன்னத்தில் விழுந்த அறை. ஊருக்கு நல்லவன் ஆவது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது.

போன வருடம் வேலையை விட்டேன். வேலை போய்விடும் என்ற பயமும் அதோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. சொன்னால் அந்தக் காலை நேரம் போய்விடுமே என்ற பயம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் எனக்குச் சளி பிடித்தது. மூக்கு இரண்டும் சிமெண்ட் வைத்துப் பூசினாற்போல் அடைத்துக்கொண்டது. பழக்க தோஷம், ஆறரைக்கு எழுந்து போய்விட்டேன். சிலிண்டர் பக்கம் குனிந்து மூச்சை இழுத்தேன். ஒன்றும் இல்லை. காற்றே போகாத இடத்தில் வாசனை எங்கிருந்து வரும்?

"பத்த வைக்கலாமா அண்ணே?"

'ஒண்ணும் இல்ல' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல். திரும்பிப் பார்த்தேன். குச்சியைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு, சிறு பிள்ளை போல என் வாயையே பார்த்தபடி நின்றிருந்தார். என் ஒரு வார்த்தையில் கொளுத்திவிடுவார். ஏழு வருடமாக அப்படித்தான் நின்றிருக்கிறார்.

"தெரியலம்மா" என்றேன். "எனக்கு மூக்கு அடைச்சிருக்கு. தெரியல."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நிஜம் வெளியே வந்ததும் பின்னால் நின்ற மற்றதெல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்தன. எரிச்சலைப் பற்றி அவர் கேட்டபோது நான் தலை தூக்காமல் பதில் சொன்னது. வக்கீலய்யா கேட்டது. காலண்டர். "தேதி முடியலம்மா. பதினோரு நாள் இருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

மூக்கம்மா குச்சியைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். ஜன்னலைத் திறந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். மணி அடிக்கும்போதே என் பக்கம் நீட்டினார்.

"இப்ப எங்கிட்ட சொன்னதை அவகிட்ட சொல்லுங்க."

சொன்னேன். நான் யார் என்பதிலிருந்து ஆரம்பித்து ஒன்றையும் விடாமல் சொன்னேன். ஒத்திகை இல்லாமல் நான் சொன்ன ஒரே சாட்சியம் அதுதான். பிறகு, "அம்மாகிட்ட குடுங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது.

போனைக் காதில் வைத்துக்கொண்டு மூக்கம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது திரும்பாமலே சொன்னார்.

"நாளைக்கு வராதீங்கண்ணே."

போகவில்லை. மகள் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள் என்று கடைக்காரர் சொன்னார். பத்து நாளில் அவர் மட்டும் திரும்பி வந்துவிட்டார் என்று பேப்பர் போடுகிறவர் சொல்கிறார். யாரிடம் விசாரிப்பது, எந்த முகத்தோடு விசாரிப்பது? அந்தத் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

ஆனால் ஆறரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சளியெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஜன்னலைத் திறந்து, அந்தப் பக்கமாக முகத்தை நீட்டி, மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். மூன்று தெரு தள்ளி இருக்கும் அடுப்பு. இங்கே என்ன தெரியப்போகிறது?